அழைக்கும் உரிமை

1990 ஜனவரி 20ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் மூன்று பேருக்குக் குருத்துவ அபிஷேகம் நடந்தது: ரூத் ஃபிராஸ்ட், ஃபிலிஸ் ஜில்ஹார்ட், ஜெஃப் ஜான்சன். முதல் இருவரும் இணையராக வாழ்ந்த பெண்கள். மூன்றாமவர், தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்க மறுத்த இளைஞர். மூவரும் லுத்தரன் இறையியல் கல்லூரிகளில் முறையாகப் படித்துத் தேறியவர்கள். ஆனால் அமெரிக்காவின் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின், அதாவது இ.எல்.சி.ஏ.யின், குருமார் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. இடம்பெற வழியும் இல்லை. அப்படியிருந்தும் நகரத்தின் இரண்டு சிறிய சபைகள் அவர்களைப் போதகர்களாக அழைத்தன. ஃபிராஸ்டையும் ஜில்ஹார்ட்டையும் அழைத்தது செயின்ட் பிரான்சிஸ் லுத்தரன் சபை. ஜான்சனை அழைத்தது ஃபர்ஸ்ட் யுனைட்டெட் லுத்தரன் சபை.

பால்புதுமையினரை, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோரை, ஏற்றுக்கொள்ளும் திருச்சபைகளைப் பற்றி நம்மவர்களிடையே பேச்சு எழுந்தால், "மேல்நாட்டுச் சபைகள் காலத்துக்கேற்றபடி வேதத்தை வளைத்துக்கொண்டன" என்ற ஒரே வரியில் அது பெரும்பாலும் முடிந்துவிடும். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில், அதாவது டி.இ.எல்.சி.யில், ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று, இப்போது சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இ.எல்.சி.ஏ. சபை ஒன்றில் அங்கத்தினராக இருக்கும் நானும் அந்த வரியைப் பல வீட்டுக் கூடங்களில் கேட்டிருக்கிறேன். லுத்தரன் திருச்சபையைப் பொறுத்தவரை அது பொருந்தாது என்பது என் எண்ணம். இங்கே சண்டை தொடங்கியது, ஒரு சபைக்குத் தன் மேய்ப்பரை அழைக்கும் உரிமை எந்த அளவுக்கு உண்டு என்ற கேள்வியில். அந்தக் கேள்வி மார்ட்டின் லுத்தர் காலத்துப் பழமை உடையது; அதற்காக அந்த இரண்டு சபைகளும் கொடுத்த விலையும் சிறியதல்ல.

இ.எல்.சி.ஏ. அப்போது பிறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று லுத்தரன் அமைப்புகள் இணைந்து 1988 ஜனவரி 1ஆம் தேதி உருவான அந்தத் திருச்சபையில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தினர் இருந்தனர். தன்பாலீர்ப்பாளராக இருப்பதே ஒருவரைக் குருத்துவத்துக்குத் தகுதியற்றவராக்கும் என்று அது சொல்லவில்லை. இணையரோடு வாழக் கூடாது, வாழ்நாள் முழுவதும் பிரம்மச்சரியம் காக்க வேண்டும் என்றுதான் கேட்டது. அதே 1990ஆம் ஆண்டின் பிற்பகுதியில் குருமார் நடத்தை பற்றிய ஆவணத்தில் இது எழுத்திலும் வந்தது. பெர்க்லியிலுள்ள இறையியல் கல்லூரியில் படித்த ஜெஃப் ஜான்சனுக்கு, குருவாகத் தகுதியுடையவர் என்ற சான்று முதலில் கிடைத்தது. அவரும் உடன் படித்த சிலரும் தங்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய பிறகு அந்த உறுதிமொழி கேட்கப்பட்டது; அவர் கொடுக்க மறுத்தார்; சான்று பறிபோனது.

இந்த இடத்தில் எனக்குச் சற்று நின்று பேசத் தோன்றுகிறது. லுத்தரன் சபை என்று ஒன்று தனியாகப் பிரிந்ததற்கான காரணங்களில் கட்டாயப் பிரம்மச்சரியத்தை மறுத்ததும் ஒன்று. துறவியாக இருந்த லுத்தர், துறவு மடத்தை விட்டு வெளியேறிய கத்தரீனா ஃபான் போராவை 1525இல் மணந்தார். 1530இல் பேரரசர் முன் வாசிக்கப்பட்ட அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 23ஆம் பிரிவு முழுவதும் குருமாரின் திருமணத்தைப் பற்றியதே. பிரம்மச்சரியம் ஒரு வரம், அது எல்லோருக்கும் அருளப்படுவதில்லை, அருளப்படாதவர்கள்மீது அதைச் சட்டமாகச் சுமத்தினால் மனச்சாட்சிகள் நொறுங்கும் என்பது அதன் வாதம். "வேகிறதைப்பார்க்கிலும் விவாகம்பண்ணுகிறது நலம்" என்ற பவுலின் வசனம் அங்கே சாட்சியாக நிற்கிறது. அந்த அறிக்கையின்மேல் கைவைத்துப் பிரமாணம் செய்யும் ஒரு திருச்சபை, தன் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும் அதே பிரம்மச்சரியத்தை நிபந்தனையாகக் கேட்டது. அவுக்ஸ்பர்க்கில் கூடியவர்கள் ஆண்-பெண் திருமணத்தை மட்டுமே மனத்தில் வைத்திருந்தார்கள் என்பார்கள் எதிர்த்தரப்பினர். உண்மைதான். ஆனாலும் வரத்தைச் சட்டமாக்கக் கூடாது என்ற தர்க்கம், யாருடைய திருமணத்தை மனத்தில் கொண்டு அது எழுதப்பட்டது என்பதோடு முடிந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

செயின்ட் பிரான்சிஸ் ஆலயம் மார்க்கெட் தெருவை ஒட்டிய சர்ச் தெருவில் நிற்கும் செங்கல் கட்டடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கிலிருந்து குடியேறியவர்கள் கட்டியது; பின்னர் ஃபின்லாந்துக்காரர்களின் சபையொன்று அதோடு இணைந்தது. குடியேறிகளின் பிள்ளைகள் புறநகர்களுக்குப் போய்விட, அக்கம்பக்கம் மாறியது. அங்கிருந்து சற்று நடந்தால் தன்பாலீர்ப்பாளர்கள் திரளாக வாழ்ந்த காஸ்ட்ரோ பகுதி. 1980களில் எய்ட்ஸ் நோய் அந்தத் தெருக்களில் ஆயிரக்கணக்கான இளைஞர்களைக் கொண்டுபோனது. பெற்ற வீடே கைவிட்டவர்கள் அவர்களில் பலர். தங்களை வளர்த்த சபைகளிலும் அவர்களுக்கு இடமில்லை. ஜெபிக்கவும் அடக்க ஆராதனை நடத்தவும் தயங்காத போதகர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அந்த இரண்டு சபைகளும் அந்த மூவரை அழைத்தது இந்தச் சூழ்நிலையில். வாசற்படியில் வந்து நின்ற மக்களுக்கு ஊழியம் செய்யத்தான் ஆள் வேண்டியிருந்தது.

1990 ஜூலையில் விசாரணை நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவை சபைகள். அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ளவர்களை மட்டுமே அழைக்க வேண்டும் என்ற விதியை மீறினார்கள் என்பது குற்றம். லுத்தரன் மரபில் இது சாதாரண அலுவலக விதி அல்ல. முறையான அழைப்பு இல்லாமல் ஒருவரும் திருச்சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ திருவிருந்து பரிமாறவோ கூடாது என்கிறது அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 14ஆம் பிரிவு. முறையான அழைப்பு என்பது திருச்சபை முழுவதும் ஒப்புக்கொண்ட ஒழுங்கின்படி வருவது, ஒவ்வொரு சபையும் தன்னிஷ்டப்படி செய்துகொள்வதல்ல என்றது திருச்சபை நிர்வாகம். அதுவும் வலுவான வாதம்தான். ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பது நம் ஊர்ச் சபைத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மறுபக்கத்தில் லுத்தரே நிற்கிறார். 1523இல் சாக்சனியின் லைஸ்னிக் என்ற சிற்றூர்ச் சபைக்காக அவர் எழுதிய சிறு நூல், போதனையைச் சீர்தூக்கவும் போதகரை அழைக்கவும் நீக்கவும் ஒரு கிறிஸ்தவச் சபைக்கு உரிமையும் அதிகாரமும் உண்டு என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. ஆடுகள் மேய்ப்பனின் சத்தத்தை அறியும் என்ற யோவான் பத்தாம் அதிகாரம்தான் அதற்கு அடிப்படை. பேராயர்கள் தர மறுத்தால் சபை காத்திருந்து பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

தீர்ப்பு, ஐந்தாண்டு இடைநீக்கம். அதற்குள் திருந்தாவிட்டால் வெளியேற்றம். அந்த மூவரையும் அனுப்பிவிட்டிருந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். இரண்டு சபைகளும் அதைச் செய்யவில்லை. 1995 டிசம்பர் 31ஆம் தேதியோடு அவை இ.எல்.சி.ஏ.யிலிருந்து நீக்கப்பட்டன. ஆனாலும் அதே வழிபாட்டு முறையில் ஆராதித்தன, அதே விசுவாச அறிக்கையைச் சொன்னன. வேறு பெயர்ப் பலகை மாட்டிக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டு புதிதாக ஒரு திருச்சபை தொடங்குவது கிறிஸ்தவர்களிடையே எவ்வளவு சாதாரணமான வழக்கம் என்று பார்த்தால், அதைச் செய்யாமல் இருந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிதாகத் தெரிகிறது.

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இதே வழியில் வேறு சபைகளும் சென்றன. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் 2001 ஏப்ரலில் அனிட்டா ஹில் அபிஷேகம் பெற்றார். அவரை அழைத்த சபை வெளியேற்றப்படாமல் கண்டனத்தோடு விடப்பட்டது. 2007இல் சிகாகோவில் கூடிய திருச்சபைப் பேரவை, இத்தகைய போதகர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதைத் தவிர்க்குமாறு பேராயர்களைக் கேட்டுக்கொண்டது. விதியை மாற்றாமல், அதைக் கொண்டு அடிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லும் இந்த நிலை குழு அரசியல் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல.

2009 ஆகஸ்டில் மினியாபொலிஸில் பேரவை கூடியது. 19ஆம் தேதி பிற்பகல், மனிதப் பாலியல் பற்றிய சமூக அறிக்கையை விவாதித்துக்கொண்டிருந்த நாளிலேயே, நகரத்தின் நடுவே ஒரு சூறாவளி வீசியது. கூட்டம் நடந்த மாநாட்டு மையத்தின் கூரையும் அருகிலிருந்த சென்ட்ரல் லுத்தரன் ஆலயத்தின் கோபுரமும் சேதமடைந்தன. தேவகோபம் என்றனர் ஒரு சாரார். பெந்தெகொஸ்தே நாளின் பலத்த காற்று என்றனர் மறுசாரார். காற்றுக்கு வியாக்கியானம் செய்வதில் எனக்கு ஆர்வமில்லை; வாக்கு எண்ணிக்கைதான் என்னை அசத்தியது. அறிக்கை நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆதரவு 676, எதிர்ப்பு 338. மொத்தம் 1,014. அதில் மூன்றில் இரண்டு பங்கு 676 தான். ஒரே ஒரு வாக்கு இடம் மாறியிருந்தால் அறிக்கை தோற்றிருக்கும். இரண்டு நாள் கழித்து, வாழ்நாள் முழுவதற்குமான, சபையறிந்த ஒருதுணை உறவில் வாழும் தன்பாலீர்ப்பாளர்களும் குருவாகலாம் என்ற தீர்மானம் 559க்கு 451 என்ற கணக்கில் நிறைவேறியது.

அந்த அறிக்கையைப் படிக்காமலே அதைப் பற்றிப் பேசுபவர்கள் இரு பக்கத்திலும் உண்டு. அது "இதுவே சரி" என்று தீர்ப்பு எழுதவில்லை. இந்த உறவுகள் பாவம் என்பதில் தொடங்கி, திருமணத்துக்கு நிகரானவை என்பது வரை, திருச்சபைக்குள் நான்கு நிலைப்பாடுகள் இருப்பதை வரிசையாக எழுதி, நான்கும் வேதத்துக்குக் கட்டுப்பட்ட மனச்சாட்சியிலிருந்து வருபவை என்று ஒப்புக்கொண்டது. ஆகவே எந்தச் சபைமீதும் தன்பாலீர்ப்பாளரான போதகர் திணிக்கப்பட மாட்டார். அழைக்க விரும்பும் சபை தடுக்கப்படவும் மாட்டாது. 1990இல் குற்றமாக இருந்த அதே செயலைச் சபையின் உரிமை என்று சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள்.

2010 ஜூலை 25ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவின் செயின்ட் மார்க்ஸ் ஆலயத்தில் ஏழு போதகர்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஜெஃப் ஜான்சன் அவர்களில் ஒருவர். அதற்கு ஏற்புச் சடங்கு என்றுதான் பெயர். மறு அபிஷேகம் என்று அதை அழைக்கவில்லை. இதை நான் ஓய்வுபெற்ற டி.இ.எல்.சி. போதகரான என் பெரியப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, பாவம் புண்ணியம் என்று பேசுவார் என எதிர்பார்த்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "சபை கூட்டம் போட்டுத்தானேம்மா கூப்பிட்டுச்சு? அவங்களா போய் நிக்கலியே?" என்றார். சபைதான் அழைத்தது என்றேன். "மறுபடி அபிஷேகம் பண்ணலேன்னா, முதல்ல பண்ணினது செல்லும்னு ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்" என்றார். அந்த உறவைப் பற்றிய அவருடைய கருத்து மாறவில்லை. அதையும் உடனே சொல்லிவிட்டார். ஆனால் நாற்பது ஆண்டு குருத்துவத்தில் ஊறிய அந்த லுத்தரன் மூளை முதலில் போய் நின்ற இடம் இந்தக் கதையின் நடுநரம்பு என்று நினைக்கிறேன்.

வெளியேற்றப்பட்ட இரண்டு சபைகளும் பிறகு திரும்பி வந்தன. செயின்ட் பிரான்சிஸ் 2011இல், ஃபர்ஸ்ட் யுனைட்டெட் அதற்கு அடுத்த ஆண்டில்.

இதற்கிடையே மறுதிசையிலும் நடை தொடங்கியிருந்தது. 2009 முடிவை ஏற்க முடியாத அறுநூற்றுக்கும் மேற்பட்ட சபைகள் வெளியேறின. 2010 ஆகஸ்டில் வட அமெரிக்க லுத்தரன் திருச்சபை என்ற புதிய அமைப்பு உருவானது. எத்தியோப்பியாவின் மேகானே யேசுஸ் திருச்சபை, உலகின் மிகப் பெரிய லுத்தரன் திருச்சபைகளில் ஒன்று, 2013இல் இ.எல்.சி.ஏ.யோடும் சுவீடன் திருச்சபையோடும் உறவை முறித்துக்கொண்டது. சுவீடன் என்றதும் நம் பக்கத்து லுத்தரன்கள் காது கொடுப்பார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மானிய மிஷனரிகள் வெளியேற நேர்ந்தபோது தரங்கம்பாடிப் பணியைத் தாங்கியது சுவீடன் திருச்சபை, 1921இல் டி.இ.எல்.சி.யின் முதல் பேராயரான ஹெய்மன் ஐயர் தொடங்கி, 1956இல் ராஜா மாணிக்கம் ஐயர் பொறுப்பேற்கும் வரை தரங்கைப் பேராயர்கள் சுவீடன்காரர்களே. அந்தத் திருச்சபை 2009 அக்டோபரில் ஒருபால் இணையருக்குத் தன் ஆலயங்களில் திருமணம் நடத்த முடிவெடுத்தது. நம் பாட்டன்மாருக்குக் கைவைத்துக் குருப்பட்டம் கொடுத்த திருச்சபை அது என்பதை, "எங்கோ மேல்நாட்டில்" என்று பேசுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

என் சபைக்கு வருகிறேன். இ.எல்.சி.ஏ. சபைகள் எல்லாம் தாமாகவே பால்புதுமையினரை ஏற்றுக்கொண்ட சபைகள் ஆகிவிடுவதில்லை. 1974இல் மினியாபொலிஸில் தொடங்கிய லுத்தரன் தன்பாலீர்ப்பாளர் அமைப்பொன்று, 1980களிலிருந்து "கிறிஸ்துவில் ஒப்புரவு" என்ற ஏற்பாட்டை நடத்திவருகிறது. அதில் சேர விரும்பும் சபை, பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வரவேற்பு அறிக்கை ஒன்றை நிறைவேற்ற வேண்டும். போதகரைத் தேடும்போது பால்புதுமையினரையும் அழைக்கத் தயாராக இருப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். "அனைவரும் வருக" என்ற பலகை எங்கள் வாசலில் வெகுநாளாகவே இருந்தது. அதுவே போதாதா, தனியாகப் பெயர் சொல்வானேன் என்பதுதான் கூட்டத்தில் பலமுறை எழுந்த கேள்வி.

அதற்கான பதில் எங்கள் சபையின் குடும்ப விவரப் புத்தகத்திலேயே இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படம், கீழே முகவரி, தொலைபேசி எண். பாடகர் குழுவில் பல ஆண்டுகளாகப் பாடிவந்த இரண்டு மூதாட்டிகளுக்கு அதில் இரண்டு வெவ்வேறு பக்கங்கள். அகர வரிசைப்படி ஒருவர் முன்னால், மற்றவர் வெகு பின்னால். கீழே இருந்த முகவரி ஒன்றே, தொலைபேசி எண்ணும் ஒன்றே. சபையில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை. கூட்டத்தில் அவர்களில் மூத்தவர் எழுந்து, "எங்களை நீங்கள் ஒருநாளும் வெளியே போகச் சொன்னதில்லை, உள்ளே வந்துவிட்டோமா என்றுதான் எங்களுக்கே தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தீர்மானம் நிறைவேறியது. அடுத்த பதிப்பில் இருவருக்கும் ஒரே படம், ஒரே பக்கம். அச்சுக்கூலி ஒரு பக்கம் மிச்சம் என்று பொருளாளர் வேடிக்கையாகச் சொன்னார்.

எதிர்த்து வாக்களித்தவர்களில் நார்வே வழிவந்த ஒரு முதியவரும் உண்டு. ரோமர் முதல் அதிகாரத்தை வாசித்தார், குரல் உயர்த்தவில்லை, தம் மனச்சாட்சி இதற்கு இடம் தரவில்லை என்றார். அவர் போய்விடுவார் என்று நான் நினைத்தேன். அவர் போகவில்லை. ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ணும் மேசையில் அவருக்கும் அந்த மூதாட்டிகளில் இளையவருக்கும் முறை ஒன்றாகவே வரும். காசோலைகளை அவர் வாசிக்க இவர் எழுதுவார். கட்டுண்ட மனச்சாட்சி என்று 2009 அறிக்கை சொன்னது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்தது அந்த மேசையில்தான். அதை மிகைப்படுத்தவும் விரும்பவில்லை: தன் திருமணத்தைப் பாவம் என்று நம்பும் ஒருவரோடு ஒவ்வொரு வாரமும் ஒரே அறையில் இருப்பதன் பாரம் இருவர்மீதும் சமமாக விழுவதில்லை. அதனால்தான் "எல்லா நிலைப்பாடுகளுக்கும் இடம்" என்ற அந்த ஏற்பாட்டையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற குரல் வலுத்து, 2022 பேரவை அதற்கு வழி திறந்துவிட்டது.

ஏற்றுக்கொள்ளுதல் ஒரு முறை நடந்துவிட்டால் காயங்கள் நின்றுவிடும் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் வட்டாரத்திலேயே வேறு அனுபவம் இருக்கிறது. 2010இல் ஏற்கப்பட்ட எழுவரில் ஒருவரான மேகன் ரோரர் 2021 மே மாதம் இங்குள்ள சியரா பசிபிக் சினாடின், அதாவது இ.எல்.சி.ஏ.யின் வட்டார அமைப்பின், பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெரிய அமெரிக்கத் திருச்சபை ஒன்றில் வெளிப்படையான திருநர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை. அதே ஆண்டு டிசம்பர் 12, குவாதலூப்பே மாதாவின் திருநாளன்று, ஸ்டாக்டன் பகுதியின் லத்தீன் அமெரிக்கச் சபை ஒன்றிலிருந்து அதன் போதகர் சினாடு நிர்வாகத்தால் நீக்கப்பட்டார். தங்களுக்கு மிக முக்கியமான நாளில் நடந்த அந்தச் செயல் அச்சபையாரைக் கடுமையாகப் புண்படுத்தியது. திருச்சபை எங்கும் எழுந்த கண்டனத்தின் முடிவில், 2022 ஜூனில் பேராயர் பதவி விலகினார். போதகர் மீதான புகார்களைப் பற்றி நான் பேசவில்லை. தான் ஆராதிக்கும் இடத்தில் தன்னைக் கேட்காமலே முடிவெடுக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை வரலாற்றில் பட்டறிந்த ஒரு தரப்பிலிருந்தே அது வந்தது என்பதுதான் பலரையும் உலுக்கியது.

எங்கள் போதகர் ஓய்வுபெற்றுவிட்டார். இப்போது அழைப்புக் குழு வேலை செய்துகொண்டிருக்கிறது. சினாடு அலுவலகம் அனுப்பிய விண்ணப்பங்களை அவர்கள் இரகசியமாகவே வாசிக்கிறார்கள். காணிக்கை எண்ணும் அந்த முதியவரும் குழுவில் இருக்கிறார். சபைதான் அவரைத் தேர்ந்தெடுத்தது, நானும் அவருக்கே வாக்களித்தேன். குழு ஒருவரைப் பரிந்துரைத்ததும் சபைக் கூட்டம் கூடும், சீட்டில் எழுதி வாக்களிப்போம், மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் அழைப்புக் கடிதம் போகும். யார் பெயர் வரும் என்று எனக்குத் தெரியாது.